கேஎல்லில் (கோலாலம்பூரில்) இருந்து பினாங்குக்கு ரயிலில் குடும்பப் பயணம்: எதை எடுத்துப் போவது?

செந்தூல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு குடும்பமாகப் பினாங்குக்குப் போகிறோம். கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து தீவுக்கு ஃபெரி. ஜார்ஜ்டவுனில் இரண்டு இரவு, பத்து ஃபெரிங்கியில் ஓர் இரவு. நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், கூடவே என் மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போடுகிறார். முட்டி வலியும் உண்டு. மகனுக்கு வண்டி ஏறினாலே குமட்டல்.

இதுவரை எங்கே போனாலும் சொந்தக் காடி (கார்)தான். தலையணை முதல் ரைஸ் குக்கர் வரை பின்னால் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். இந்த முறை எல்லாவற்றையும் கையால் தூக்க வேண்டும். படி ஏற வேண்டும், ஃபெரியில் ஏற்றி இறக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் முடியாது, அதிலும் மாமியாரைக் கைபிடித்து அழைத்துப் போக ஒருவர் எப்போதும் வேண்டும்.

இணையக் கடையில் பார்த்தால் கழுத்துத் தலையணை, துணி அடுக்கும் பைகள், மடக்கும் கெட்டில் என்று வந்துகொண்டே இருக்கிறது. இதில் எது உண்மையிலேயே கைகொடுக்கும்? வாங்காமல் வீட்டில் இருப்பதை வைத்தே சமாளிக்க முடிந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் அடிக்கடி பயணம் போகிறவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஓட்டுநர், பட்டர்வொர்த் எழுதியது:

தங்கச்சி, நான் விரைவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். கேஎல் புடுராயா பேருந்து நிலையத்தில் இருந்து வண்டி எடுத்த காலம் தொட்டு இந்த வடக்குப் பாதையில் ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். நீங்கள் போவது ரயில் என்றாலும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஏர்கோனில் உட்கார்ந்து போகிற மனிதருக்கு வேண்டியது எங்கேயும் ஒன்றுதான்.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன்னால் எது எந்தப் பையில் இருக்கப்போகிறது என்று யோசியுங்கள். தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியதுமே யாராவது என்னிடம் ஓடி வருவார்கள். "அண்ணே, கீழே சாமான் வைக்கிற பூட்டைக் கொஞ்சம் திறங்க." பால் டின் கீழே இருக்கும். பேம்பர்ஸ் கீழே இருக்கும். அம்மாவின் மாத்திரை பெரிய பெட்டிக்குள், பட்டுச் சேலைக்கும் அடியில் இருக்கும். மழை தூறும்போது தார் ரோட்டில் பெட்டியைக் கிடத்தித் திறந்து தேடுவார்கள். எல்லாமே எடுத்து வந்திருப்பார்கள், வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. அதனால் பெட்டி அடுக்கும் முன் ஒரு வழிப் பை தயார் செய்யுங்கள். தோளில் மாட்டும் பையாக இருக்கட்டும், இரண்டு கையும் காலியாக இருக்கும். அதை மேலே தட்டில் வைக்காதீர்கள், காலடியில் வையுங்கள். அறைக்குப் போய்ச் சேரும் வரை பெட்டியைத் திறக்கவே தேவை வரக் கூடாது.

மகனுக்குக் குமட்டல் என்றீர்கள், அதை முதலில் சொல்கிறேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய்கறி போட்டுத் தருகிற மெல்லிய பை உதவாது, அடியில் ஓட்டை இருக்கும். தடித்த பிளாஸ்டிக் பையாக இரண்டு எடுத்து ஒன்றுக்குள் ஒன்றை விடுங்கள். அடியில் பழைய நாளிதழை நான்காக மடித்துப் போடுங்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பிறகு பையின் வாயை இரண்டு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் பை தானாக வாய் திறந்து நிற்கும். பிள்ளை "அம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் நீட்டிவிடலாம். முடிந்ததும் மடிப்பை மேலே தூக்கி ரப்பர் பேண்டு போட்டால் வாடை வெளியே வராது. இப்படி மூன்று நான்கு பைகளை வீட்டிலேயே செய்து, ஒரு ஜிப் பையில் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். அதே பையில் ஒரு சின்ன ஈரத் துண்டும் மகனுக்கு ஒரு மாற்றுச் சட்டையும். உங்களுக்கும் ஒரு சட்டை வையுங்கள் தங்கச்சி, பிள்ளை உங்கள் மேல்தான் சாய்ந்திருப்பான்.

இடம் பிடிக்கும்போதும் பாருங்கள். ரயிலில் சில இருக்கைகள் போகிற திசைக்கு முதுகு காட்டி இருக்கும். அவனை முன்னோக்கிய இருக்கையில், ஜன்னலோரம், தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். போனைக் கையில் கொடுத்தால் குமட்டல் கூடும். அசாம் பொய் (புளிப்பான உலர்பழம்) கொஞ்சம் நாக்கில் வைத்தால் நிறையப் பேருக்கு அடங்கும், ஆனால் சின்னவனுக்குக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கோடாலித் தைலம் எல்லார் பையிலும் இருக்கும். அதை உங்கள் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூடிய வண்டிக்குள் நெற்றி முழுக்கத் தேய்த்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் குமட்ட ஆரம்பிக்கும்.

அடுத்தது கைலி. ஒரே ஒரு பொருளைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பருத்திக் கைலி, நன்றாகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. ஏர்கோன் குளிருக்குப் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே கைலியால் போர்த்தலாம். சுருட்டிக் கழுத்தைச் சுற்றிவிட்டால் கழுத்துத் தலையணை, பெரியம்மாவின் (உங்கள் மாமியாரின்) முட்டிக்கு அடியில் வைத்தால் கால் தலையணை. கழிப்பறையில் தரை ஈரமாக இருந்தால் பிள்ளையை இருக்கையிலேயே கைலிக்குள் நிற்க வைத்து உடை மாற்றலாம். கடற்கரையில் விரிக்கலாம், குளித்துவிட்டு வந்தால் துவட்டலாம், இரவு கொடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஜன்னலில் வெயில் அடித்தால் திரையாகவும் ஆகும். வடக்கே போகும்போது மேற்குப் பக்கம், அதாவது வண்டிக்கு இடது பக்கம், மத்தியானத்துக்கு மேல் வெயில் சுள்ளென்று விழும். திரும்பி வரும்போது அது வலது பக்கம். டிக்கெட் எடுக்கும்போதே அதைப் பார்த்துப் பெரியம்மாவை நிழல் பக்கம் உட்கார வையுங்கள். கழுத்துத் தலையணைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தூங்கினதும் அது பக்கத்து இருக்கைக்குப் போய்விடும், மற்ற நேரமெல்லாம் கையில் தொங்கிக்கொண்டு இருக்கும்.

துணி அடுக்கும் பைகள் நல்ல பொருள்தான், ஆனால் வாங்கத் தேவையில்லை. பழைய தலையணை உறை போதும், ஆளுக்கு ஒன்று. நீங்கள் இரண்டு இடத்தில் தங்குகிறீர்கள், அதனால் ஆள் வாரியாக அடுக்காமல் நாள் வாரியாக அடுக்கினால் இன்னும் சுலபம். முதல் நாளுக்கான ஐந்து பேர் உடையும் ஓர் உறையில். அன்றைக்கு அதை மட்டும் வெளியே எடுங்கள், அழுக்குத் துணி திரும்ப அதே உறைக்குள் போகட்டும்.

பெட்டிக்கு அடையாளம் கட்டாமல் வராதீர்கள். எல்லாரும் கறுப்புப் பெட்டிதான் வாங்குகிறார்கள். ஒரு முறை பட்டர்வொர்த்தில் இறங்கிய குடும்பம் வேறொருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெட்டிக்கு உரியவர் மறுநாள் முகூர்த்தத்துக்குக் கட்ட வேண்டிய சேலையோடு வந்தவர். அந்த அம்மா நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்குள் மேலாக ஒரு தாளில் தொலைபேசி எண் எழுதியிருந்ததால் எடுத்துப் போனவர்களே திறந்து பார்த்து அழைத்தார்கள். பளிச்சென்ற துணியைப் பிடியில் கட்டுங்கள், உள்ளே எண்ணை எழுதி வையுங்கள். வெளியே தொங்கும் அட்டை அறுந்து விழுந்துவிடும்.

அப்புறம் ரஃபியா கயிறு ஒரு சுருள், துணிக் கிளிப் ஆறு, ஊக்கு ஒரு கொத்து. கயிறு குளியலறையில் கொடியாகும், பிடி அறுந்த பெட்டியைக் கட்டும். கிளிப் ஹோட்டல் திரைச்சீலையை மூடிப் பிடிக்கும், பிஸ்கட் பொட்டலத்தையும் மூடும். ஊக்கு எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜெலுத்தோங் தாதி எழுதியது:

அண்ணன் சொன்ன வழிப் பைக்குள் மருந்துக்கு என்று தனியாக ஒரு சின்னப் பை வையுங்கள் அக்கா. நான் மருத்துவமனையில் தாதி. விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்கள் வந்து "என்ன மாத்திரை என்று தெரியாது, வெள்ளையா சின்னதா இருக்கும்" என்பார்கள். வெள்ளையாகச் சின்னதாக இருக்கும் மாத்திரை நூறு இருக்கிறது. மருந்தை அதன் அட்டையோடு எடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டையும் கிளினிக் புத்தகத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், உங்கள் போனில் ஒன்று, வீட்டுக்காரர் போனில் ஒன்று.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனா பெரும்பாலும் நான்கு வாரம் வரை சாதாரண அறைச் சூட்டில் தாங்கும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வகைக்கு வகை மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். நம் ஊர் மத்தியான வெயில் 30ஐத் தாண்டுவது சாதாரணம். அதனால் பிள்ளைகளுக்கு உணவு கொண்டுபோகும் குளிர்ப் பை ஒன்றில் ஐஸ் பேக்கைத் துண்டில் நன்றாகச் சுற்றி வைத்து, அதற்குப் பக்கத்தில் பேனாவை வையுங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் திரும்ப உருகினாலும் வேலை செய்யாது, தூக்கித்தான் போட வேண்டும். ஹோட்டல் அறையின் குட்டிக் குளிர்ப்பெட்டியிலும் உறைபனிப் பகுதிக்கு ஒட்டி வைக்காமல் கதவுப் பக்கம் வையுங்கள். இந்தப் பை மாமியார் மடியில்தான் இருக்க வேண்டும், வெயிலில் நிற்கும் காடிக்குள் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

பயணத்தில் சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகும், நடை கூடும். சர்க்கரை இறங்குவது அப்போதுதான். கை நடுக்கம், திடீர் வியர்வை, பேச்சில் தடுமாற்றம் கண்டால் உடனே இனிப்பு கொடுங்கள். உறிஞ்சு குழலோடு வரும் சின்னப் பெட்டி பழச்சாறு மிகவும் வசதி. இல்லையென்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சோதிக்கும் கருவியும் பட்டைகளும் அதே பையில் இருக்கட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999க்கு அழையுங்கள். இனிப்பு யார் பையில் இருக்கிறது என்று உங்கள் மகளுக்கும் சொல்லி வையுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது புரியும், பாட்டியோடு அதிக நேரம் இருக்கப்போவதும் அவள்தான்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். 513 படி. முட்டி வலிக்காரருக்கு நான் சம்மதிக்க மாட்டேன், அவர் அடிவாரத்திலேயே கும்பிடட்டும். எந்தக் கோயிலானாலும் அவருக்கு ஒரு ஜோடி தடித்த பருத்திச் சாக்ஸ் எடுத்து வாருங்கள். வெயில் ஏறிய சிமெண்டுத் தரை நன்றாகச் சுடும். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் சுட்டதே தெரியாது, அறைக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். சிலிப்பரும் புதிதாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள், பழகிய சிலிப்பர்தான் நல்லது.

மகனுக்குக் குமட்டல் மாத்திரை கொடுப்பதாக இருந்தால் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். ரயில் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தைலத்தைச் சின்னப் பிள்ளையின் மூக்கருகில் தேய்க்காதீர்கள், கற்பூரம் கலந்தது.

செந்தூல்வாசி எழுதியது:

ஐயா, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. வாந்திப் பையை நேற்று இரவே மகளோடு உட்கார்ந்து செய்து பார்த்தேன், வாய் திறந்து நன்றாக நிற்கிறது. சாக்ஸ் யோசனை என் மனதில் வந்திருக்கவே வந்திருக்காது. மாமியாரிடம் படித்துக் காட்டினேன், அடிவாரத்தில் கும்பிடு என்றதற்குத்தான் முகம் வாடிவிட்டது.

இன்னும் சில சந்தேகம். மகனுக்குத் தள்ளுவண்டி எடுத்து வரலாமா? பத்து ஃபெரிங்கியில் கடலில் இறங்கினால் என்ன எடுத்துப் போக வேண்டும்? இன்னொன்று, டிசம்பர் பள்ளி விடுமுறையில் திருச்சிக்கு விமானம் போட்டிருக்கிறோம். இதே பையையே அப்படியே அதற்கும் பயன்படுத்தலாமா?

பாயான் லெப்பாஸ் தம்பி எழுதியது:

அக்கா, கடல் கேள்விக்கு நான் சொல்கிறேன், பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப் போவேன். ஒரு சின்னப் போத்தல் சாதாரண வினிகர் எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்குக் கடலில் ஜெல்லி மீன் உண்டு, பெட்டி வடிவ ஜெல்லி மீனும் உண்டு. பட்டுவிட்டால் மணலால் தேய்க்கக் கூடாது, குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. வினிகரை அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றிவிட்டு, ஒட்டியிருப்பதை எதையாவது வைத்து மெல்ல எடுத்துவிட்டு உடனே கிளினிக் போங்கள். மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸ்தான். தண்ணீரில் இறங்கும் முன் கரையில் இருப்பவர்களிடம் இன்றைக்கு ஜெல்லி மீன் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நீளக் கை, நீளக் கால் நீச்சல் உடை போட்டால் வெயிலுக்கும் நல்லது, இதற்கும் நல்லது.

கடலில் குளித்து வந்தால் காலில் ஒட்டிய மணல் லேசில் போகாது. துண்டால் துடைத்துவிட்டு பேபி பவுடரைத் தூவித் தட்டினால் மொத்தமும் உதிர்ந்துவிடும். அறை முழுக்க மணல் இல்லாமல் இருந்தால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

திருச்சிக்கு அதே பை உதவும், ஆனால் கொஞ்சம் மாற்ற வேண்டும். நம் சார்ஜருக்கு மூன்று சதுர முனை, அங்கே சுவரில் உருண்டை ஓட்டை. பிளக் மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்கி, அதில் நம் ஊர் எக்ஸ்டென்ஷனைச் செருகிவிட்டால் வீட்டில் எல்லாருடைய போனும் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகும். அந்த எக்ஸ்டென்ஷன் பினாங்கு ஹோட்டலிலும் கைகொடுக்கும், கட்டில் பக்கத்தில் ஒரே ஒரு பிளக்தான் இருக்கும். பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் செய்து உள்ளே போடும் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். 100 வாட் மணி வரை அனுமதி. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 74 வாட் மணி, அது போதும். எழுத்து அழிந்துபோன பழைய பவர்பேங்க் வேண்டாம், அளவு தெரியவில்லை என்றால் பரிசோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பல விமானங்களில் இப்போது பறக்கும்போது அதைப் பயன்படுத்த விடுவதில்லை, மேல் தட்டில் வைக்கவும் விடுவதில்லை, எனவே கிளம்பும் முன்பே போனை நிரப்பிவிடுங்கள்.

தண்ணீர் போல இருப்பது எதுவானாலும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது. தைலப் போத்தலும் ஊறுகாயும் பெரிதாக இருந்தால் உள்ளே போடும் பெட்டிக்கு. இன்சுலின் மட்டும் எப்போதும் கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு. விமானத்தின் சரக்கறையில் உறைந்துவிடலாம்.

பழைய ஓட்டுநர், பட்டர்வொர்த் எழுதியது:

தள்ளுவண்டி வேண்டாம் தங்கச்சி. ஜார்ஜ்டவுன் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில், நீங்கள் நடந்து பார்க்க வேண்டும். ஒரு கடைக்கு ஒரு மட்டம், நடுவில் படி, படிக்கு மேல் மோட்டார் சைக்கிள், அதற்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை. தள்ளுவண்டியைத் தள்ளுவதைவிடத் தூக்குவதுதான் அதிகமாக இருக்கும். அதற்குப் பதிலாகப் பெரியம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்து வாருங்கள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருப்பார்களே, முக்காலி போல, கையில் மாட்டிக்கொள்ளலாம். ஃபெரிக்கு வரிசையில் நிற்கும்போதும் கொடிமலை (பினாங்கு ஹில்) ஏறும் ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் அவர் உட்கார்ந்துகொள்ளலாம். விடுமுறை நாளில் அங்கே கூட்டம் நெரியும். பிள்ளைகளின் மைகிட் அடையாள அட்டையையும் மறக்காதீர்கள், மலேசியர் விலை கேட்கும் இடத்தில் காட்டச் சொல்வார்கள்.

ஃபெரிக்கு டச் என் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று கேஎல்லிலேயே பார்த்துவிடுங்கள். பட்டர்வொர்த் நிலையத்தில் இருந்து ஃபெரித்துறைக்கு நடைபாலம் உண்டு, ஆனால் நடை கொஞ்சம் தூரம்தான். பெரியம்மாவை மெதுவாக நடக்க விடுங்கள், ஒரு ஃபெரி போனால் இன்னொன்று வரும். அக்டோபர், நவம்பரில் இங்கே மழை எந்த நேரமும் கொட்டும். ஆளுக்கு ஒரு குடை வேண்டாம், பெரியம்மாவுக்கும் பையனுக்கும் மழைக்கோட்டு போடுங்கள், இரண்டு குடை மற்றவர்களுக்குப் போதும். மழைக்கோட்டு போட்டால் அவர்கள் கை காலியாக இருக்கும், நீங்கள் பிடித்துக்கொள்ளலாம்.

வரும்போது புளிச்சோறு கட்டி எடுத்து வாருங்கள், குழம்பு வைத்த சாப்பாடு வேண்டாம். கட்டியான மூடி போட்ட டப்பாவில் போட்டால், சோறு தீர்ந்ததும் கழுவி வைத்துக்கொள்ளலாம். தாவ் சார் பியா பிஸ்கட் அட்டைப் பெட்டியில் நொறுங்கிவிடும், திரும்பும்போது அந்த டப்பாவில் அடுக்குங்கள். ஜாதிக்காய்த் தைலம் வாங்கினால் மூடியைக் கழற்றி, வாய்மேல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டை விரித்து, அதற்கு மேல் மூடியை முறுக்குங்கள். அப்படி மூடினால் கவிழ்ந்தாலும் ஒழுகாது. மடித்த துணிப்பை ஒன்று காலியாகவே பெட்டிக்குள் வரட்டும், பினாங்கில் இருந்து வெறுங்கையோடு யாரும் ஊர் திரும்பியதில்லை.

பெரியம்மா முகம் வாடியது என்றீர்களே. தண்ணீர்மலை அடிவாரத்தில் பிள்ளையார் சந்நிதி உண்டு, அங்கே உட்கார்ந்துகொள்ளலாம். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. நீங்கள் மேலே போய் வரும் வரை மகளும் அந்த முக்காலியும் அவரோடு இருக்கட்டும். இன்சுலினும் பசியாறலும் எத்தனை மணிக்கு என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.